கூண்டு சாரும் மாடியறை வகுப்பும்

சமூகவியல் நடத்துகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. எதைப் பற்றி நடத்துகிறோமோ அதற்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு நடத்த வேண்டும். வேதியியல்காரரிடம் அமிலம் எதிர்த்துப் பேசுவதில்லை. தாவரவியல்காரரை எந்தச் செடியும் "இதைப் படிச்சு என்னா வேலை கெடைக்கும்?" என்று கேட்பதில்லை. எங்களைச் சமூகம் கேட்கும். வரலாறு, தத்துவம் என்று, பெயரைச் சொன்னாலே எதிரே இருப்பவர் முகத்தில் இரக்கம் வந்து உட்காரும் பாடங்களை நடத்தித் தலை நரைத்தவர்களே, நீங்களெல்லாம் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கல்லூரி என்னை அனுப்பிவிட்டது. வயது வந்தால் அனுப்புவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்தான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ் ஏறி, தொலைதூரக் கல்வியில் பி.ஏ. படிக்கிறவர்களுக்குத் தொடர்பு வகுப்பு எடுக்கிறேன்.

பக்கத்து சீட்டு

ஆலப்பாக்கம் தாண்டியதும் பஸ்ஸுக்குள் கொஞ்சம் கடல் வரும். கண்ணுக்குத் தெரியாது, காற்றில் ஈரமாக, உப்பாக வரும். அந்த நேரம் எனக்கு யாரோடும் பேசப் பிடிக்காது. ஆனால் பக்கத்து சீட்டில் பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்மணிக்குப் பேசப் பிடித்திருந்தது. எங்கே போகிறேன், என்ன வகுப்பு என்றெல்லாம் கேட்டார். சமூகவியல் என்றேன். "ஓ, சமூக சேவையா!" என்று முகம் மலர்ந்துவிட்டது. மாமியாருக்கு வந்துகொண்டிருந்த முதியோர் பென்ஷன் திடீரென்று நின்றுவிட்டதாம். தாலுகா ஆபீசில் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்றார்.

அது இல்லை என்று விளக்கினேன். தாலுகா ஆபீஸ் போன்ற ஒன்று எப்படி உண்டாகிறது, அங்கே ஒருவர் உட்கார்ந்து பேசவும் இன்னொருவர் கால் கடுக்க நிற்கவும் ஏன் நேர்கிறது, அதைத்தான் நாங்கள் ஆராய்கிறோம் என்றேன். ஆர்வத்தில் புதுச்சத்திரம் வரைக்கும் பேசிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இறங்கும் முன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அப்போ ஏன் நடக்கலைன்னு உங்களுக்குத் தெரியும், நடக்க வைக்கத் தெரியாது. அப்படித்தானேம்மா?" என்றார்.

மாடியறை

எங்கள் படிப்பு மையம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. கீழே ஜெராக்ஸ் கடை. படி செங்குத்தானது, ஏறி முடிப்பதற்குள் மூச்சு நம்மை விட்டுவிட்டுத் தனியாக மேலே போய்விடும். மையத்தை நடத்துகிறவர் குணசேகரன் சார். கெட்டவர் அல்ல. ஒரு அறை காலியாகக் கிடப்பதைப் பார்த்தால் அவருக்கு மனசு தாங்காது, அவ்வளவுதான்.

அவர் கண்ணுக்கு எங்கள் அறை காலி அறை. பெயர் கொடுத்தவர்கள் பலர். வருகிறவர்கள் நாலு பேர். மற்றவர்கள் கைடு வாங்கிப் படித்துக்கொள்வார்கள். வருகிற நாலு பேரைச் சொல்லிவிடுகிறேன். செல்வி, தலைமைக் காவலர். வகுப்பில் எல்லோருக்கும் ஏட்டம்மா. ஸ்டெல்லா, நர்ஸ். வேம்பு, காட்டுமன்னார்கோயிலில் அரிசி மில் வைத்திருப்பவர். மகள் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போட வேண்டும் என்பது அவர் லட்சியம். ஜப்பார், பக்கத்தில் லால்பேட்டைக்காரர். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து செல்போன் கடை போட்டிருக்கிறார். வேம்புவும் அவரும் ஒரே பைக்கில் வருவார்கள். மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

அந்த அறையைப் போட்டித் தேர்வுப் பயிற்சிக்கு விடலாம் என்பது குணசேகரனின் எண்ணம். வருஷத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். வகுப்பை மூடினால் யாருக்கும் நஷ்டமில்லை என்றார். எனக்கு நஷ்டம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் நான் வாய் திறந்து பேசுவது பால்காரரோடுதான் என்பதைச் சொல்லவில்லை. நடத்த முடிகிறவரை நடத்துவேன் என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தபடி, "நடத்துங்க மேடம், எத்தினி நாளைக்கின்னு நானும் பாக்கறேன்" என்றார்.

பெயர் வைத்த கதை

சமூகவியலின் மூலவர்கள் எல்லோரும் ஐரோப்பியர்கள். அவர்கள் பெயர்கள் எங்கள் பக்கத்து நாக்குகளுக்கு ஒத்துவராது. முதல் மாதம் முழுவதும் என் வகுப்பில் யாரும் கேள்வி கேட்கவில்லை. புரியாததால் என்று நினைத்திருந்தேன். கேள்வி கேட்டால் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டி வருமே என்ற பயத்தால் என்று பிறகுதான் தெரிந்தது.

வழி கண்டுபிடித்தவர் ஜப்பார். இந்தப் படிப்புக்கே முதலில் பெயர் சூட்டிய பிரெஞ்சுக்காரர் 'பேர் வச்ச சார்' ஆனார். உழைப்பவன் ஒருவன், உடைமை ஒருவனுக்கு என்று உலகத்தைப் பிளந்து காட்டியவர் 'தாடி சார்'. தனி மனிதனின் துயரத்தைக்கூடக் கணக்கெடுத்துப் பார்த்து, அதில் சமூகத்தின் கைரேகை இருக்கிறது என்றவர் 'கணக்கு சார்'. விதிகளும் அலுவலகங்களும் சேர்ந்து மனிதனை இரும்புக் கூண்டில் அடைத்துவிடும் என்று வருந்தியவர் 'கூண்டு சார்'. உண்மையில் பின்னால் சொன்ன இரண்டு பேருக்கும் தாடி உண்டு. அதைச் சொன்னேன். ஜப்பார் விட்டுக்கொடுக்கவில்லை: "இருக்கட்டும் மேடம், எங்க தெருவுலயும் எல்லாருக்கும் தாடி இருக்கு, ஆனா தாடி பாய் ஒருத்தர்தான்."

தாடி சார் மில்லுக்கு வந்தார்

தாடி சாரின் பாடத்தன்று வேம்பு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தொழிலாளி உண்டாக்கும் மதிப்பில் ஒரு பங்குதான் அவன் கைக்குக் கூலியாகப் போகிறது, மிச்சம் முதலாளியிடம் தங்குகிறது என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் அவித்த நெல்போலக் கறுத்துக்கொண்டு வந்தது. "மிஷின் யாரு வாங்கினது? கரண்ட் போனா ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கறது யாரு?" என்று எழுந்துவிட்டார். ஏட்டம்மா, "உக்காருங்க மில்லுக்காரரே, உங்க மேல இன்னும் கேஸ் போடல" என்றார்.

நான் பின்வாங்கவில்லை. தாடி சாரை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் முதலில் கேட்டுவிட்டு மறுங்கள் என்றேன். அவர் உட்கார்ந்தார், கேட்டார், கடைசியில் நல்ல கேள்வியும் கேட்டார். எதிர்த்துப் பேசிய மாணவர்தான் பாடத்தை உள்ளே வாங்கிய மாணவர் என்பது என் வெகுநாள் அனுபவம். வகுப்பு முடிந்து மற்றவர்கள் இறங்கிய பிறகு மேஜை அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "மேடம், பாடம் நல்லாத்தான் இருக்குது, என் மில்லுல மூட்டை தூக்கறவங்களுக்கு மட்டும் நடத்திடாதீங்க."

ஒரே தட்டு

மனிதர்களை ஒன்றாகக் கட்டும் பிணைப்பில் இரண்டு வகை என்றார் கணக்கு சார். எல்லோரும் ஒரே மாதிரி வாழ்வதால் வருவது ஒன்று. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேலை செய்வதால், மற்றவர் இல்லாமல் முடியாது என்று வருவது இன்னொன்று. கைடில் இதற்கு ஐந்து வித்தியாசங்கள் அட்டவணை போட்டிருக்கிறது. அதை மனப்பாடம் செய்தால் பாஸ். புரியவேண்டும் என்றால் ஜப்பாரிடம் போக வேண்டும்.

அவர்கள் ஊர்க் கல்யாணத்தில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். சஹன் சாப்பாடு என்று பெயர். அது முதல் வகை என்றார் ஜப்பார். வளைகுடாவில் அவர் தங்கியிருந்த அறையில் பல நாட்டுக்காரர்கள். பாஷை வேறு, சாமி வேறு. ஒருவன் ரொட்டி சுடுவான், ஒருவன் துணி துவைப்பான், ஒருவன் ரிப்பேர் பார்ப்பான். அது இரண்டாம் வகை. எது உறுதியானது என்று கேட்டேன். பரீட்சையில் பத்து மதிப்பெண் கேள்வி அது. ஜப்பார் யோசிக்கவே இல்லை: "ஒரே தட்டுல சாப்ட்ட அண்ணன்கூட சண்டை போட்டிருக்கேன் மேடம், ரொட்டி சுடறவன்கூடப் போட்டதே இல்ல, போட்டா பட்டினி."

கூட வந்தவர்

ஒருவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொள்ளும் துயரம், அது அவரவர் தனி விஷயம் என்றுதான் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. இல்லை, அவரைப் பிறரோடு கட்டியிருக்கும் கயிறுகள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள் என்றார் கணக்கு சார். இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் என் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். அன்று மழை வேறு. ஜன்னல் கம்பியில் துளிகள் வரிசையாகத் தொங்கின; ஒன்று விழுந்தால் பக்கத்தில் இருப்பது நடுங்கியது.

ஸ்டெல்லா அதிகம் பேசாத பெண். அன்று பேசினார். அவசரப் பிரிவுக்கு யார் வந்தாலும் அங்கே முதலில் கேட்பது என்ன ஆச்சு என்று இல்லையாம், "கூட வந்தது யாரு?" என்பதுதானாம். மருந்து வாங்க, கையெழுத்துப் போட, பக்கத்தில் நிற்க ஒரு ஆள். "ஆள் இருந்தா எங்களுக்கே ஒரு தைரியம் மேடம்" என்றார். கணக்கு சார் மெனக்கெட்டு ஒரு புத்தகம் முழுக்கச் சொன்னது இதைத்தான் என்று பாராட்டினேன். கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுத ஆரம்பித்தேன். முதுகுக்குப் பின்னால் ஸ்டெல்லாவின் குரல், எந்தக் குத்தலும் இல்லாமல், வார்டில் விசாரிப்பதைப் போலவே கேட்டது: "மேடம், நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்தா கூட யாரு வருவாங்க?"

அழுகையும் ஃபைலும்

அந்தக் கேள்வி காதில் விழுந்தும் நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனேன். கணவர் போய் வெகுநாளாகிறது. மகள் இருக்கும் நாட்டில் எனக்குக் காலை என்றால் அவளுக்கு இரவு. அடுத்த ஞாயிறு அடுத்த பாடத்தை எடுத்துவிட்டேன். வகுப்பெடுக்கிறவர்களுக்குப் பாடத்திட்டம் ஒரு நல்ல மறைவிடம் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்த பாடம் கூண்டு சார். ஒருவர் சொன்னால் இன்னொருவர் ஏன் கேட்கிறார்? மூன்று காரணம் சொன்னார் அவர். காலங்காலமாக அப்படித்தான் என்ற வழக்கம் ஒன்று. சொல்கிற ஆள்மீது வருகிற மயக்கம் இன்னொன்று. எழுதி வைத்த விதி மூன்றாவது. இந்தக் காலத்து அலுவலகம் மூன்றாவதால் நடக்கிறது. அங்கே எழுத்தில் இல்லாதது நடக்கவே இல்லாததற்குச் சமம். நியாயம்தான், ஆனால் அந்த நியாயத்துக்குள் மனிதன் மெல்ல மெல்ல அடைபட்டுவிடுகிறான். அதுதான் கூண்டு. இதைச் சொல்லி முடித்தபோது ஏட்டம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன். "ஸ்டேஷனுக்கு அழுதுகிட்டே வர்றவங்களக்கூட 'எழுதிக் குடும்மா'ன்னுதான் கேக்கறேன் மேடம், என்னா பண்றது, அழுகைய ஃபைல்ல வைக்க முடியாதே."

படி

கார்த்திகை மாத மழையில் அந்த மாடிப்படி என்னை வென்றது. ஈரச் செருப்போடு நாலாவது படியில் வழுக்கினேன். கணுக்கால் திரும்பிக்கொண்டது. வேம்புவும் ஜப்பாரும் கீழே ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடுங்கி வந்து, என்னை அதில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். எழுந்தருளப் பண்ணும் உற்சவர்போலத் தெருவைப் பார்த்துக்கொண்டே போனேன். "மச்சான், மெதுவா! நெல்லு மூட்டைன்னு நெனச்சியா?" என்று ஜப்பார் அதட்ட, "மூட்டையா இருந்தா ஒத்தையாளாத் தூக்கியிருப்பேன்டா" என்று வேம்பு மூச்சிரைத்தார். ஏட்டம்மா சாதாரணச் சேலையில்தான் இருந்தார். கையைக் காட்டியதும் தெருவே நின்றது. ஒரு ஆட்டோ மட்டும் வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் சீட்டு எழுதுகிறவர் நிமிர்ந்து பார்க்காமல், "கூட வந்தது யாரு?" என்றார். ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன். நாலு பேரும் ஒரே நேரத்தில் "நாங்க" என்றார்கள். எழுதுகிறவர் இப்போது நிமிர்ந்தார். ஒரு பாய், ஒரு மில்லுக்காரர், நிற்கிற நிற்பிலேயே போலீஸ் என்று தெரியும் ஒரு அம்மா, சிலுவைச் சங்கிலியோடு ஒரு பெண். பேஷண்டுக்கு என்ன உறவு என்று கேட்டார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஜப்பார் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "சொந்தம் இல்லீங்க, தொடர்பு வகுப்பு."

எந்த வகை

கால் முழுக்க ஆறுவதற்கு முன்பே, கட்டோடும் ஒரு கைத்தடியோடும் மறுபடி போனேன். வேறெங்கே போவது? படியடியில் ஒரு பேனர் தொங்கியது. பயிற்சி மையம், வெற்றி நிச்சயம், சிரிக்கும் ஒரு பெண். மேலே எங்கள் அறைக்குப் பூட்டு. குணசேகரன் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நின்றார். "உங்க நல்லதுக்குத்தான் மேடம். இந்த வயசுல, இந்தக் காலோட... வகுப்ப முடிச்சுக்கச் சொல்லி மேலேருந்து சொல்லிட்டாங்க" என்றார்.

என் வயதைப் பற்றி எனக்கு அவர் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் என்னை அக்கறை என்ற சாக்கில் வழியனுப்புகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. "வழுக்கினது படி, சார். பாடம் இல்ல. படியைச் சரிபண்ணுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அதற்குள் நாலு பேரும் ஏறி வந்துவிட்டார்கள். ஏட்டம்மா கேட்டார்: "எந்த மேலேருந்து சார்?"

"ஆபீஸ்லேருந்து. ஃபோன்ல சொன்னாங்க."

வேம்பு நிதானமாக விரலை மடக்கினார். "மச்சான், இது வழக்கமா?"

"இல்ல மச்சான்," என்றார் ஜப்பார். "வழக்கம்னா ஞாயித்துக்கெழமை இங்க வகுப்பு நடக்கறதுதான் வழக்கம்."

"சரி, சார் மூஞ்சியப் பாத்து மயங்கிப்போய்க் கேட்டுக்கலாமா?"

ஸ்டெல்லா குணசேகரனின் முகத்தைக் கவனமாகப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் ஆகல" என்றார்.

"அப்போ மூணாவதுதான்," என்றார் ஏட்டம்மா, கையை நீட்டி. "விதி. எழுத்துல குடுங்க சார். ஒரு கையெழுத்து, ஒரு சீல். நாங்களே பூட்டிட்டு, சாவிய உங்க கையில குடுத்துட்டுப் போறோம்."

எழுத்து இல்லை. வரும் என்றார். வரட்டும், அதுவரை வகுப்பு நடக்கட்டும் என்றார் ஏட்டம்மா; மிரட்டலாக அல்ல, விதியை மதிக்கிற ஒருவரின் மரியாதையோடு. குணசேகரன் நாலு முகங்களையும் பார்த்தார், என் கால்கட்டைப் பார்த்தார், சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். நான் தடியை ஊன்றி உள்ளே நுழையும்போது அவர் சொன்னதை, என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே விருதாக வைத்திருக்கிறேன்: "தப்பு உங்க மேலதான் மேடம், பரீட்சைக்கு நடத்தியிருந்தா இவ்ளோ பிரச்சினை வந்திருக்காது, நீங்க புரியற மாதிரி நடத்திட்டீங்க!"

அந்த எழுத்து இன்னும் வரவில்லை. விதியும் காகிதமும் மனிதனை அடைக்கும் கூண்டு என்று வருந்தி வருந்தி எழுதிய கூண்டு சாரை எங்காவது பார்க்க வாய்த்தால், ஐயா, உங்கள் கூண்டின் சோம்பல்தான் இன்றைக்கு எங்கள் வகுப்புக்குக் கூரை என்று சொல்லிவிட்டு வருவேன்.